விளைச்சல் கூடினா காடு தப்பிக்குமா?

மலையடிவாரம்:
வணக்கம். ஏக்கருக்கு விளைச்சல் கூடிட்டா காட்டை அழிக்கவே தேவையில்லன்னு படிக்கிறேன், பசுமைப் புரட்சி விஞ்ஞானி நார்மன் போர்லாக்கும் இதைத்தான் சொன்னாரு. ஆனா நல்ல லாபம் பாத்தவன் பக்கத்துல இன்னும் நாலு ஏக்கர் சேத்து உழத்தானே பாப்பான்? நிஜத்துல என்ன நடந்துச்சு?

வரப்பு:
ரெண்டுமே நடந்திருக்குங்க. நம்ம நாட்டுல 1950-51ல உணவு தானியம் சுமார் 5 கோடி டன், இப்ப 30 கோடியத் தாண்டிடுச்சு, ஆனா சாகுபடி நிலம் 1970லேர்ந்து ஏறக்குறைய 14 கோடி ஹெக்டேர்லயே நிக்குது. ஐஆர்8 நெல்லு, குட்டை ரக கோதுமை, யூரியா, போர்வெல் இதெல்லாம் இல்லாம இத்தனை பேருக்கு சோறு போடணும்னா எந்த மலையையும் விட்டு வச்சிருக்க மாட்டோம். நிலத்தடி தண்ணி அதல பாதாளத்துக்குப் போனதையும் சேத்துத்தான் சொல்லணும்.

செம்மண்:
அரிசிக்கு சரி, பாமாயிலுக்கு அந்தக் கணக்கு உதைக்குது. ஹெக்டேருக்கு 3-4 டன் எண்ணெய், சோயாவுல அரை டன்தான். அப்படியும் சுமத்ரா, போர்னியோ தீவுகள்ல காடு போச்சே. சோத்தை ஒரு அளவுக்கு மேல யாரும் திங்க முடியாது, பாமாயிலை சோப்பு, பிஸ்கட், டீசல்னு எவ்வளவு வந்தாலும் வாங்க ஆள் இருக்கு, அதனால விளைச்சல் கூடக்கூட காட்டை அழிக்கற ஆசையும் கூடுது.

ஆத்தங்கரை:
பிரேசிலைப் பாருங்க. அமேசான்ல 2004ல மட்டும் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல அழிஞ்சுது, 2012ல 5,000க்கும் கீழ. சாட்டிலைட் வச்சு கண்காணிச்சாங்க, புதுசா அழிச்ச இடத்து சோயாவை வாங்க மாட்டோம்னு 2006ல வியாபாரிங்க ஒப்பந்தம் போட்டாங்க, சட்டத்தை மதிக்காத பண்ணைக்கு 2008லேர்ந்து பேங்க் கடன் கட். ஹெக்டேருக்கு ஒரு மாடு மேஞ்ச பழைய மேய்ச்சல் நிலத்துல சுண்ணாம்பு போட்டு நல்ல புல் விதைச்சு, கம்பி வேலியால பிரிச்சு மாத்தி மாத்தி மேய்ச்சா ரெண்டு மூணு மாடு தாங்கும், அதனால புது நிலமே தேவைப்படல. கண்காணிப்பு தளர்ந்ததும் 2021ல 13,000க்கு ஏறிடுச்சு. அந்த சோயா ஒப்பந்தமும் அமேசானுக்கு மட்டுந்தான் இருந்துச்சு, பிரேசில்லயே இருக்கற செராடோ புல்வெளிய யாரும் காப்பாத்தல, எனக்கு அதுதான் ஆத்தாமை.

மலையடிவாரம்:
ரொம்ப நன்றிங்க. எங்க பக்கம் மாட்டைக் காட்டுக்குள்ள ஓட்டாம கோ 4ங்கற தீவனப் புல் வெட்டிப் போட்டு கட்டுத்தறியிலயே வளக்கறாங்க, ஆனா அதுக்கு தண்ணி வேணும், மானாவாரிக்காரன் என்ன பண்ணுவான்?

வரப்பு:
மானாவாரிக்கு கொழுக்கட்டைப் புல்லோட முயல்மசால்ங்கற பயறுவகைத் தீவனச் செடியும் கலந்து போடுங்க, முத மழைக்கே விதைச்சிடணும். முத வருஷம் மாட்டை உள்ள விடாதீங்க, அறுத்துதான் போடணும்.