நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜெபம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பிடுமுன் ஜெபிக்க எனக்கென்று ஒரு உத்தி வைத்திருந்தேன். டப்பாவைத் திறப்பேன். இடது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைத் தடவுகிற மாதிரி கண்ணை மூன்று வினாடி மூடுவேன். அவ்வளவுதான், ஆமென். பார்ப்பவர்களுக்கு ஏதோ யோசிக்கிற மாதிரி இருக்கும்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற அக்கா, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "தினமும் இந்த நேரத்துக்குத் தலை வலிக்குது போல. ஒரு தடவை டாக்டரைப் பாருங்க தம்பி."

"தேங்க்ஸ் அக்கா" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வலிக்காத தலைக்கு மாத்திரை!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீஷன் பேதுரு மறுதலித்தபோது, முதலில் வந்து கேட்டது ஒரு வேலைக்காரப் பெண். பேதுருவுக்காவது உயிர்ப்பயம் இருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

மறுநாள் சொல்லிவிட்டேன். "அக்கா, அது தலைவலி இல்லை, ஜெபம்." சிரித்துவிட்டார். "இதுக்கா தம்பி இவ்வளவு நடிப்பு? கையை எடுத்துட்டே பண்ணுங்க." அன்றிலிருந்து நான் கண்ணைத் திறக்கும்வரை அவரும் தன் டப்பாவைத் திறப்பதில்லை.

ஆனால் வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒருநாள் ஜெபித்து முடித்த கையோடு, மேலதிகாரி நடக்கிற மாதிரி நடித்துக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இப்பதானே தம்பி கண்ணைத் திறந்தீங்க?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான். அதுதான் குத்தியது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

தம்பி, உங்களுக்கு மாத்திரை என்றால் எனக்கு ஸ்டிக்கர்.

காரின் பின்கண்ணாடியில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று பெரிதாக ஒட்டியிருந்தேன். ஒருநாள் அவசரத்தில் ஒரு பைக்காரரை நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். தப்பு என்னுடையது. ஆனால் அவர் ஹாரன் அடித்தவுடன் கண்ணாடியை இறக்கிக் கத்தியதும் நான்தான். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் பதிலுக்குத் திட்டவில்லை. பின்கண்ணாடியைக் காட்டி, "இந்த வசனம் உங்களுக்கா சார், பின்னால வர்றவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். ஆண்டவர் பெயருக்கு இழுக்கு வரக்கூடாதே என்று. என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டுறதை மாத்த மாட்டீங்க, வசனத்தை மட்டும் எடுத்துடுவீங்க, அப்படித்தானே?" என்றாள். பிளேடைக் கீழே வைத்தேன். அதற்குள் "கர்த்தர் என்" போய்விட்டது. "மேய்ப்பராயிருக்கிறார்" மட்டும் இரண்டு வாரம் அப்படியே இருந்தது. பிறகு முழுதாகப் புதிது ஒட்டினேன். இப்போதும் கோபம் வராமல் இல்லை. ஆனால் கண்ணாடியை இறக்கும் பொத்தானில் விரல் போகும்போது அந்த பைக்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது.

*

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒருமுறை ஒரு பில்லில் பழைய தேதி போடச் சொன்னார்கள். "என்னால் முடியாது சார்" என்றேன். வசனம் எதுவும் சொல்லவில்லை, சத்தம் போடவும் இல்லை. அவர் முறைத்தார், வேறு ஒருவரிடம் கொடுத்தார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அதே வாரம் சபைக்குப் பாட்டுத்தாள் 60 பிரதி ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துக்கொண்டிருந்தேன். அதே சார் வந்து ஒரு தாளைக் கையில் எடுத்துப் படித்தார். "நல்ல பாட்டும்மா. இது எந்தக் கணக்கு?" என்றார். பிரிண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்துகிற பட்டன்கூடக் கைக்கு அகப்படவில்லை. மறுநாள் ஒரு கட்டுத் தாள் வாங்கிக் கொண்டுபோய் அவர் மேசையிலேயே வைத்தேன்.

வேதாகமத்தில் வரும் தானியேல் என்றால் எல்லாருக்கும் அவரைத் தூக்கிப் போட்ட சிங்கக் குகைதான் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. எதிரிகள் முதலில் துருவிப் பார்த்தது அவருடைய உத்தியோகத்தை. அதில் ஒரு குறையும் கிடைக்காததால்தான் ஜெபத்தின்மேல் கை வைத்தார்கள். என்னைத் துருவ வந்தவருக்கு முதல் வாரத்திலேயே 60 தாள் கிடைத்துவிட்டது.

*

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி தினமும் காலையில் ஜெபம் நடத்துவார். கட்டாயமில்லை என்பார், ஆனால் வராதவர் யார் என்று மனதில் குறித்துக்கொள்வார். சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் ஜெபம் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போகவில்லை. கிறிஸ்தவளான எனக்கே அங்கே கண்ணை மூடக் கூச்சமாக இருந்தது. எல்லாருக்கும் வெளிச்சம் தெரிய விளக்கைத் தண்டின்மேல் வைக்கச் சொன்ன அதே பிரசங்கத்தில்தான் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கவும் இயேசு சொன்னார். முந்தையது மத்தேயு 5-ம் அதிகாரம், பிந்தையது 6. எங்கள் முதலாளியின் வேதாகமத்தில் 6 கிழிந்துபோயிருந்தது போல.

*

அக்கா, அந்தக் கடைசி வரிக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவு அக்கா சொன்ன தானியேலில் எனக்கு இன்னொரு வரி பிடிக்கும். ஜெபத்தைத் தடுத்து ராஜாவின் கட்டளை வந்த பிறகும் "தான் முன் செய்துவந்தபடியே" ஜெபித்தார் என்று இருக்கிறது. யாருக்கும் காட்டுவதற்காகப் புதிதாக ஜன்னலைத் திறக்கவில்லை, பயந்துபோய்ச் சாத்தவும் இல்லை.

என் கதைக்கு ஒரு வால் உண்டு. மாத்திரை தந்த அக்கா போன மாதம் வேறு கிளைக்கு மாறிப் போய்விட்டார். இன்று மதியம் அந்த நாற்காலியில் ஒரு புதியவர் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தேன். இடது கை தானாக நெற்றிப் பக்கம் கிளம்பியது. பாதி வழியில் பிடித்துக் கீழே இறக்கினேன். கண்ணைத் திறந்தபோது அவர் சாப்பிட ஆரம்பித்திருந்தார். "உப்பு இருக்கா உங்ககிட்ட?" என்று மட்டும் கேட்டார்.