மாஸ்க்: தமிழில் எப்படிச் சொல்வது?

திருநெல்வேலியிலிருந்து:

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஸ்டூடியோக்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு மாலையில் படத்திருத்தம் சொல்லிக்கொடுக்கிறேன். கிம்ப்தான் பயன்படுத்துகிறோம். காசு கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். கூடவே தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதி வருகிறேன். லேயருக்கு அடுக்கு, பிரஷ்ஷுக்குத் தூரிகை, செலக்‌ஷனுக்குத் தேர்வு என்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. லேயர் மாஸ்க்கில் வந்து நின்றுவிட்டேன்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். பாஸ்போர்ட் படம், 35 × 45 மில்லிமீட்டர், பின்னணி வெள்ளையாக வேண்டும். படம் எடுத்துக்கொள்ள வந்த அம்மா தலை நிறைய மல்லிகை வைத்திருந்தார். பின்னால் பச்சைச் சுவர். பையன் அழிப்பானை எடுத்துச் சுவரை அழிக்க ஆரம்பித்தான். அழிக்க அழிக்க அடியிலிருந்த வெள்ளை மேலே வர, எது பூ, எது பின்னணி என்று அவனுக்கே தெரியவில்லை. பூவில் பாதி போய்விட்டது. போதாக்குறைக்கு, சேமித்து மூடியும் விட்டான்.

மாஸ்க் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. அடுக்கோடு இன்னொரு கறுப்பு-வெள்ளைப் படம் ஒட்டிக்கொள்ளும். அதில் வெள்ளை அடித்த இடம் தெரியும், கறுப்பு அடித்த இடம் தெரியாது, சாம்பல் அடித்தால் அரைகுறையாகத் தெரியும். படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. மல்லிகை போய்விட்டதா, அந்த இடத்தில் வெள்ளை அடித்தால் பழையபடி வந்துவிடும்.

இதற்கு ஒரு சொல் வேண்டும். வகுப்பில் வாயால் சொல்ல வருகிறதா என்பதுதான் எனக்கு முதல் சோதனை.

சென்னையிலிருந்து:

> லேயர் மாஸ்க்கில் வந்து நின்றுவிட்டேன்

இதில் நிற்க என்ன இருக்கிறது? மாஸ்க் என்றால் முகமூடி. அடுக்கு முகமூடி. அகராதியில் முதல் பொருளே அதுதான். மென்பொருள் மொழிபெயர்ப்பில் திரையில் வரும் சொற்றொடர்கள், அதாவது சரங்கள், ஆயிரக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பட்டிமன்றம் வைத்தால் வேலை முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். முகமூடி எண்டு பிள்ளைகளுக்குச் சொன்னால் கொள்ளைக்காரனைத்தான் நினைப்பினம். 2020-இல் ஊர் முழுக்க மாஸ்க் போட்டபோதே இரண்டு கரையிலும் முகக்கவசம் எண்டுதானே எழுதினோம்? முகத்தில் போடுகிற மாஸ்க்குக்கே முகமூடி ஒட்டவில்லை. முகமே இல்லாத மலைக் காட்சிக்கு எப்படி ஒட்டும்? அகராதியின் முதல் பொருள் ஆங்கிலத்துக்கு முதல் பொருள், அவ்வளவுதான்.

தம்பி எழுதிய மல்லிகைக் கதையிலேயே விடை இருக்கிறது. அந்தப் பையனுக்கு விளங்காமல் போனது ஒரு விசயம்தான்: அழிக்கிறது வேறு, மறைக்கிறது வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லே சொல்லிக்கொடுக்க வேணும். நான் 'மறைப்பு' எண்டு பாவிக்கலாம் என்பேன்.

இன்னொன்று. உங்களுக்கு அடுக்கு, எங்களுக்குப் படை. ஓசோன் படை எண்டுதான் எங்கள் புத்தகத்தில் இருக்கும், உங்கள் பக்கம் ஓசோன் படலம். அதை இப்ப தொடவேண்டாம், பிறகு கதைப்போம்.

சிவகாசியிலிருந்து:

யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன மறைப்புக்கு என் ஓட்டு. காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வயசானவன், படம் கழுவும் டார்க் ரூம் கதை ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்க மாட்டான்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். என்லார்ஜரில் நெகட்டிவை மாட்டி, கீழே ப்ரோமைடு பேப்பர் வைத்து, வெளிச்சம் விடுவோம். கல்யாணப் படம் என்றால் மாப்பிள்ளையின் வேட்டி சரியாக வரும்போது பெண்ணின் முகம் கறுத்துவிடும். அதற்கு முதலாளி ஒரு கருவி வைத்திருந்தார். மெல்லிய கம்பி, அதன் முனையில் எட்டணா அளவுக்கு வெட்டிய கறுப்பு அட்டை. வெளிச்சம் விழும்போது அந்த அட்டையின் நிழல் முகத்தின் மேல் விழும்படி பிடிக்கணும். "முகத்தை மறைச்சு மூணு எண்ணு, வானத்தைக் கூட அடி" என்பார். மறைப்பதும் கூட அடிப்பதும்தான் எங்கள் பேச்சு. ஆங்கிலத்தில் டாட்ஜ், பர்ன் என்ற பெயர் எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அட்டையை அசையாமல் பிடித்தால் முகத்தைச் சுற்றி வட்டமாகக் கோடு விழுந்துவிடும். ஆட்டிக்கொண்டே இருக்கணும். கோடு விழுந்த பேப்பருக்கெல்லாம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள்.

பிற்பாடு ஃபோட்டோஷாப்பைத் திறந்து பார்த்தேன். டாட்ஜ் கருவிக்குப் படம் குச்சி முனையில் ஒரு வட்டம்! பர்ன் கருவிக்குக் குவித்த கை! என் முதலாளியின் அட்டையும் கையும் அப்படியே உட்கார்ந்திருந்தன. 1990-இல் வெளிவந்த அந்த மென்பொருளை ஆரம்பித்த தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் அப்பா வீட்டு நிலவறையில் டார்க் ரூம் வைத்திருந்தவர். பிள்ளைகள் கையில் பழகியதைத் திரையில் வைத்துவிட்டார்கள்.

ஸ்டூடியோவை விட்டு ஆஃப்செட் அச்சகத்துக்கு வந்தேன். அங்கே மாஸ்க் என்றால் சிவப்பு ஃபிலிம். தெளிவான பாலியஸ்டர் தாள் மேல் சிவப்புப் படலம் ஒட்டியிருக்கும். பிளேடால் கீறி, வெளிச்சம் போகவேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பை உரித்து எடுப்போம். நம் கண்ணுக்குச் சிவப்பு வழியே அடியில் இருக்கும் படம் தெரியும். அச்சு வேலைக்கான லித்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதைப் பொறுத்தவரை அது கறுப்பு. வேலை சுலபம். தம்பி, கிம்ப்பில் ஷிஃப்டோடு க்யூவை அழுத்திப் பாருங்கள். தேர்ந்தெடுக்காத இடமெல்லாம் சிவப்பு பூசிக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பிலும் அதே சிவப்புதான். ஏன் நீலமில்லை, பச்சையில்லை என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முகமூடி வேண்டாம் என்பதற்குக் கடைசியாக ஒரு சாட்சி: அன்ஷார்ப் மாஸ்க். சென்னை நண்பர் வழியில் போனால் கூர்மையற்ற முகமூடி. அதை அழுத்தினால் படம் கூர்மையாகிறது! மாணவன் எதை நம்புவான்? கதை என்னவென்றால், ஃபிலிம் காலத்தில் நெகட்டிவிலிருந்து வெளிறிய ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள். நடுவில் கண்ணாடியோ தெளிவான தாளோ வைத்து வேண்டுமென்றே மங்கலாக எடுப்பார்கள். அதை நெகட்டிவோடு சரியாகப் பொருத்தி அச்சிட்டால், பரந்த இடங்களின் வெளிச்சமும் இருட்டும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். விளிம்புகள் மங்கலில் பொருந்தாததால் அங்கே மட்டும் வேறுபாடு குறையாது, நுணுக்கம் எடுப்பாகத் தெரியும். மங்கலாக இருந்தது மறைப்பு, படமல்ல. 'மங்கல் மறைப்பு' என்றால் நடந்ததைச் சொன்னதாகும். மாணவனுக்கு அதுவும் வேண்டாம், 'விளிம்புக் கூர்ப்பு' என்று போட்டுவிடுங்கள். கிம்ப்காரர்களே 2.10 பதிப்பில் ஷார்ப்பன் என்று முன்னால் சேர்த்து, பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டார்கள்.

சென்னையிலிருந்து:

ஐயா, முகமூடியைக் கழற்றிவிட்டேன். கூர்மையற்ற முகமூடியோடு தெருவில் நடக்க எனக்கும் விருப்பமில்லை.

ஆனால் மறைப்பில் எனக்கு நிஜமான ஒரு சிக்கல் இருக்கிறது. அடுக்குப் பட்டியலில் கண் படம் இருக்கிறதே, அதைச் சொடுக்கினால் அடுக்கு முழுவதும் காணாமல் போகும். அந்தக் கட்டளை ஹைட். எல்லா மென்பொருளிலும் அதற்கு 'மறை' என்றுதான் போட்டு வைத்திருக்கிறோம். 'அடுக்கை மறை', 'அடுக்குக்கு மறைப்பு இடு' இரண்டும் ஒரே பட்டியில் அடுத்தடுத்து வந்தால் பயனர் குழம்புவார். ஒன்று செயல், இன்னொன்று பொருள். மாஸ்க்கைத் தொடலாம், தூக்கி வேறு அடுக்கில் போடலாம், நகல் எடுக்கலாம். அது ஒரு பொருள் என்று சொல்லில் தெரிய வேண்டும்.

ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு விரிதாள் என்று வைத்து அது நிலைத்துவிட்டதல்லவா? அதே வழியில் 'மறைதாள்'. நாலெழுத்து, பட்டியில் இடம் அடைக்காது.

தஞ்சாவூரிலிருந்து:

மறைதாள் இலக்கணப்படி சரி. வினைத்தொகை. மறைத்த, மறைக்கிற, மறைக்கும் தாள் என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் த் வராது.

ஆனால் மக்கள் த் போடுவார்கள். போடாமல் இருக்க மாட்டார்கள். நான் முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவன், மிகாத இடத்தில் மிகுவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவன். விரிதாளில் த் போட்டால் வெறும் பிழை, பொருள் கெடாது. இங்கே போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

'அடுக்கில் மறைத்தாள்.'

யார் மறைத்தாள், எதை மறைத்தாள்? கையேட்டில் 'இப்போது மறைத்தாள் சேர்க்கவும்' என்று அச்சாகி வந்தால் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். போதாததற்கு ந் ஒன்று தவறி விழுந்தால் மறைந்தாள், ஆளே போய்விடுவாள்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பிழையாக எழுதினாலும் வேறு சொல்லாக மாறாத சொல்தான் புழக்கத்தில் நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சிரிச்சு முடியவில்லை ஐயா. அப்ப 'மறைப்புத்தாள்' எண்டு முழுசாகவே சொன்னால் என்ன? அங்கே த் வரத்தான் வேணும், வராமல் எழுதினாலும் பொருள் மாறாது. நீளம்தான், ஆனால் வினாத்தாள், விடைத்தாள் எண்டு பழகின வாய்தானே. எங்கட பக்கம் எழுதுகிற பேப்பரைக் கடதாசி எண்டு சொன்னாலும் தாள் எல்லாருக்கும் விளங்கும். ஆயிரம் ரூபாய்த் தாள் எண்டால் ஒருத்தரும் அர்த்தம் கேட்கமாட்டினம்.

சிவகாசி ஐயா உரிச்ச சிவப்பு ஃபிலிமும் ஒரு தாள்தானே.

திருநெல்வேலியிலிருந்து:

ஒரு வாரம் வகுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

திங்கட்கிழமை 'மறைப்பு' என்று தொடங்கினேன். சென்னை அண்ணன் பயந்தது மாதிரியே ஆயிற்று. "மறைப்பைப் போடு" என்றேன், இரண்டு பேர் கண் படத்தைச் சொடுக்கி அடுக்கையே காணாமல் அடித்தார்கள். செவ்வாய்க்கிழமை பலகையில் 'மறைப்புத்தாள்' என்று எழுதினேன். சிவகாசி ஐயாவின் அட்டைக்கதையையும் சிவப்பு ஃபிலிமையும் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளில் முக அளவுக்கு ஓட்டை வெட்டி, அச்சடித்த படத்தின் மேல் வைத்துக் காட்டினேன். தாளை எடுத்தால் அடியில் படம் பத்திரமாக இருக்கிறது. அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று வந்தது. மாஸ்க் கற்றுக்கொடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி: அடுக்குப் பட்டியலில் படத்தின் சிறுவடிவமும் மாஸ்க்கின் சிறுவடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதைச் சொடுக்கினோமோ அதில்தான் தூரிகை ஓடும். அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், கவனிக்கமாட்டார்கள். மாஸ்க்கில் அடிப்பதாக நினைத்து, படத்திலேயே கறுப்பை அப்பிவிடுவார்கள். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் தார் பூசினாற்போல இருக்கும். முன்பெல்லாம் இதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். இப்போது பின்னால் நின்று, "தாள்ல அடிக்கிறியா, படத்துல அடிக்கிறியா?" என்று கேட்டால் போதும். உடனே சுட்டி நகர்ந்துவிடுகிறது.

வியாழக்கிழமைக்குள் 'மறைப்பு' வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது, வெறும் 'தாள்' ஆகிவிட்டது. "அண்ணே, தாளைக் காணோம்" என்று ஒருவன் வந்தான். போய்ப் பார்த்தால் ஜேபெக்காக ஏற்றுமதி செய்துவிட்டு, அடுக்குகளோடு சேமிக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்.சி.எஃப்பைச் சேமிக்காமல் மூடியிருக்கிறான். ஜேபெக்கில் அடுக்கும் நிற்காது, தாளும் நிற்காது. அந்த மல்லிகைப் பையனேதான். இரண்டாம் தடவையாகவும் பூவைத் தொலைத்தான்.

கையேட்டில் இப்படிப் போட்டிருக்கிறேன்: மறைப்புத்தாள் சேர், மறைப்புத்தாளை நீக்கு, மறைப்புத்தாளைத் தலைகீழாக்கு. அப்ளை லேயர் மாஸ்க்குக்கு மட்டும் 'மறைப்புத்தாளைப் படத்தோடு சேர்த்துவிடு' என்று நீட்டி எழுதி, இதற்குப் பிறகு மறைத்தது திரும்ப வராது என்று கீழே தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு கட்டளையில்தான் மறைப்பது அழிப்பதாக மாறுகிறது. அங்கே சொல் சுருங்கினால் படம் போய்விடும். சென்னை அண்ணன் பட்டியில் இடமில்லை என்றால் குறையுங்கள், ஆனால் 'செயற்படுத்து' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் அழுத்துவார்கள்.

அடுத்து ஃபெதர். இறகு என்று யாராவது தொடங்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: தேர்வின் ஓரத்தைக் கோடு தெரியாமல் கரைப்பது அது. சிவகாசி ஐயா, அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்கணும் என்றீர்களே, அந்த ஆட்டலுக்கு உங்கள் முதலாளி ஏதாவது பெயர் வைத்திருந்தாரா?

சிவகாசியிலிருந்து:

பெயர் ஒன்றும் இல்லை தம்பி. "கரைச்சு விடுடா" என்பார்.