எடை இறங்காமல் கல்லீரல் கொழுப்பு குறையுமா? நடந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

மதுரை, வங்கி ஊழியர், வயது 48

கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் அறிக்கையில் வந்ததும் நடக்கத் தொடங்குபவர்களில் பலர், இரண்டு மூன்று மாதங்களில் எடைக் கருவியில் மாற்றம் தெரியவில்லை என்று மனம் தளர்ந்து நிறுத்திவிடுவதை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் நிறுத்தக் கூடாது என்ற அக்கறையில்தான் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முழு உடல் பரிசோதனையில் எனக்கு கிரேடு 2, அதாவது நடுத்தர அளவுக் கொழுப்பு என்று வந்தது. எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 71. மதுப் பழக்கம் இல்லை. எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 40 அங்குலம். மருத்துவர் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கல்லீரலின் கொழுப்பையும் விறைப்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் கொழுப்பைக் காட்டும் கேப் எண் 312. கல்லீரலின் விறைப்பு 5.8 கிலோபாஸ்கல். விறைப்பு 8-க்குக் கீழே இருப்பதால் கவலைப்படும் அளவுக்குத் தழும்பு ஏறவில்லை என்றும், இந்தக் கட்டத்தில் நடையும் சாப்பாட்டு ஒழுங்குமே மருந்து என்றும் அவர் சொன்னார்.

அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாட்கள், மாலையில் ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கப் பக்கம் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகமாக நடந்து வருகிறேன். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம் என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டில் சர்க்கரை போட்ட காபியையும் மாலை நேர வடை, பஜ்ஜியையும் விட்டேன். சோற்றைப் பெரிதாகக் குறைக்கவில்லை.

ஏழெட்டு மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்தபோது எடை 80.5 கிலோதான். ஆனால் இடுப்பு 38 அங்குலமாகியிருந்தது. எஸ்ஜிபிடி 44-க்கும் கேப் எண் 274-க்கும் இறங்கியிருந்தன. மருத்துவருக்கு இதில் வியப்பே இல்லை. 2009-இல் சிட்னி ஆய்வாளர்கள், உடல் பருமன் உள்ளவர்களை நான்கு வாரங்கள் சைக்கிள் பயிற்சி செய்ய வைத்தபோது, எடை குறையாமலேயே கல்லீரல் கொழுப்பு சுமார் 21 விழுக்காடு குறைந்ததை அவர் எடுத்துச் சொன்னார்.

இது எப்படி நடக்கிறது என்று பின்னர் தேடிப் படித்தேன். கல்லீரலில் சேரும் கொழுப்பின் பெரும்பங்கு நாம் சாப்பிடும் எண்ணெயிலிருந்து நேரடியாக வருவதில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தம் வழியாக வந்து சேர்ந்தது. 26 விழுக்காடு, மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே தயாரித்தது. உணவுக் கொழுப்பின் நேரடிப் பங்கு 15 விழுக்காடு மட்டுமே. இட்லியோ சோறோ சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை வாங்கிச் சேமிக்க வேண்டியவை தசைகள். நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவரின் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அப்போது மிஞ்சும் குளுக்கோஸ் கல்லீரலுக்குத் திரும்பி அங்கே கொழுப்பாகிறது. உழைத்த தசையோ, சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவழித்திருப்பதால் அடுத்த வேளை உணவின் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு முறை 45 நிமிடங்கள் பயிற்சி செய்தாலே அடுத்த உணவுக்குப் பின் கல்லீரல் புதிதாகக் கொழுப்பு தயாரிப்பது குறைகிறது என்று 2011-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு, ஒரு நாள் நடையைக்கூட வீண் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

எடை குறைய வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கல்லீரலில் அழற்சியோ தழும்போ இருப்பவர்களுக்கு எடைக் குறைப்பு மிக முக்கியம். கியூபாவில் 293 நோயாளிகளை 52 வாரங்கள் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழற்சி நிலை நீங்கியது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தழும்பும் குறைந்தது. அந்த இலக்கை எட்டும்வரை பயிற்சி தரும் பயன் வேறு வழியில் தெரிகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோயம்புத்தூர், பள்ளி ஆசிரியை, வயது 52

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பார்ப்பவர்கள் என்னை ஒல்லி என்றே சொல்வார்கள். உடல் நிறைக் குறியீடு 23.4தான். ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்பதும், ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும் என்பதும், எனக்கும் கல்லீரலில் கொழுப்பு என்று அறிக்கை வந்த பின்னரே தெரிந்தன. முழங்கால் தேய்மானத்தால் வேகமாக நடக்க இயலவில்லை. இயன்முறை மருத்துவர் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சிகளையும், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலையும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் கற்றுக் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாட்கள் செய்கிறேன். கேப் எண் 287-இலிருந்து 259-க்கு வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் (எச்பிஏ1சி) 6.3-இலிருந்து 5.9 ஆனது. இங்கிலாந்தின் நியூகாசிலில் எட்டு வாரத் தசைப் பயிற்சியால், எடை மாறாமலேயே கல்லீரல் கொழுப்பு 13 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நடக்க முடியாதவர்கள் தங்களுக்கு வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைப் பகிர்கிறேன்.

சென்னை, மென்பொருள் துறை, வயது 31

கிரேடு 1 என்று வந்ததும் ஜிம்மில் சேர்ந்தேன். சில வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்தபோது எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற நொதிகள் இரண்டும் முன்பைவிட இரு மடங்காகியிருந்தன. வீட்டில் எல்லோரும் பயந்து, ஜிம்மை நிறுத்தச் சொன்னார்கள். மருத்துவர், முந்தைய நாள் என்ன பயிற்சி செய்தேன் என்று முதலில் கேட்டார். கால்களுக்குக் கனமான எடையில் செய்திருந்தேன். இந்த நொதிகள் தசையிலும் இருப்பதால், பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் ஒரு வாரம்வரைகூட உயர்ந்தே இருக்கலாம் என்று விளக்கி, தசையிலிருந்து வரும் சிபிகே என்ற நொதியையும் பார்த்தார். அது மிக அதிகமாக இருந்தது. கனமான பயிற்சியைப் பத்து நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்ததில் எல்லாம் இறங்கிவிட்டன. பரிசோதனைக்கு முந்தைய வாரத்தில் கனமான எடை தூக்க வேண்டாம். தூக்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதேசமயம், நொதி உயர்ந்தால் காரணம் ஜிம்தான் என்று நாமே முடிவு கட்டவும் கூடாது. புரதப் பொடிகளும் மூலிகை மருந்துகளும்கூட கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

எனக்கு ஒரு கேள்வி: கொழுப்பு குறைய ஓடத்தான் வேண்டுமா, நடந்தால் போதுமா?

மதுரை, வங்கி ஊழியர்

தம்பி, நடந்தால் போதும். சீனாவின் சியாமென் நகரில் 220 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் ஆறு மாதங்கள் ஓடிவிட்டுப் பின்னர் வேகநடைக்கு மாறினார்கள். மற்றொரு பிரிவினர் ஆண்டு முழுதும் வேகமாக நடந்தார்கள். இரு பிரிவினருக்கும் வாரத்துக்கு 150 நிமிடங்கள்தான் இலக்கு. ஓராண்டு முடிவில் கல்லீரல் கொழுப்பில் இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பயன்தான் கிடைத்தது. உங்கள் வயதில் ஓட முடிந்தால் ஓடுங்கள். முடியாத நாளில் நடையை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் பயிற்சியை நிறுத்தினால் கொழுப்பு மீண்டும் சேர்ந்துவிடும். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கி சிரோசிஸ் நிலைக்குப் போனவர்கள் மட்டும் கனமான எடை தூக்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். உணவுக்குழாயில் இரத்த நாளங்கள் புடைத்திருந்தால், மூச்சைப் பிடித்து எடை தூக்கும்போது அங்கே அழுத்தம் கூடும்.