கலைச்சொல் தேவை: உணவகத்துக்குள் ஒரு சிறிய காக்டெய்ல் பார்

வணக்கம் நண்பர்களே,
உள்ளரங்க வடிவமைப்பு மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். உயர்தர உணவகத்துக்குள் சிறிய காக்டெய்ல் பார் அமைப்பது பற்றிய பாடம். நிறமும் ஒளியும் ஓர் ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. 'மதுக்கூடம்' என்றால் மாணவர் மனத்தில் வேறொரு இடம் வருகிறது. 'நெருக்கமான சூழல்' என்று எழுதினேன், "நாற்காலிகளை ஒட்டி ஒட்டிப் போட வேண்டுமா?" என்று ஒரு மாணவி கேட்டார். இரண்டுக்கும் சொல் தாருங்கள்.
ம.

> இரண்டுக்கும் சொல் தாருங்கள்

கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல் என்று மதுவுக்கு இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு காக்டெய்ல் என்று எழுதலாமா? தேறு என்றால் தெளி. தெளிந்த மது தேறல். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டைக்கும் இதே வேர்தான். புறநானூறு 56-இல் யவனர் தந்த 'தண்கமழ் தேறல்' பொற்கலத்தில் ஏந்தித் தரப்படுகிறது. குளிர்ச்சி, மணம், அழகிய கலம் எல்லாம் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. பானம் 'கலவைத் தேறல்', இடம் 'தேறலகம்'.
செ.

செ. ஐயா, வேர் சரி. ஆனால் பழச்சாறும் முட்டை வெண்கருவும் சேர்த்துக் குலுக்கிய பானம் கலங்கலாகத்தானே வரும்? தேறுதல் என்றால் இன்றைய மாணவருக்குத் தேர்வில் தேறுவதுதான். 'கலப்பு மது'வும் வேண்டாம், கலப்படம் நினைவுக்கு வரும்.

'பார்' இருக்கட்டும். அது முதலில் பானம் பரிமாறும் மேடையின் பெயர், பிறகே அறைக்கு ஆகிவந்தது. சினையாகுபெயர் நமக்குப் புதிதா? பாடமும் மேடையிலிருந்து தொடங்குவதே நல்லது. மேடை ஏறக்குறைய 105 செ.மீ., இருக்கை 75 செ.மீ. என்று வைப்பதால், உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் நின்று பரிமாறுபவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வருகின்றன. நீங்கள் தேடும் அந்தச் சூழல் அங்கேதான் பிறக்கிறது.
இரா.

அப்படியானால் அதற்குச் சொல் 'அணுக்கம்'. எப்போதும் உடனிருப்பவரை அணுக்கத் தொண்டர் என்கிறோமே. 'அந்தரங்கம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மறைவு என்ற பொருள் வந்துவிடும்.
வ.

அணுக்கம் அழகுதான், ஆனால் வகுப்பில் யாருக்கும் தெரியாது. சின்ன வீட்டைப் பார்த்தால் 'அடக்கமா இருக்கு' என்று சொல்கிறோமே, அது போதாதா?
இரா.

அடக்கம் இடத்தின் அளவைத்தான் சொல்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இடையே உள்ளதை அணுக்கம்தான் சொல்லும். ம. அம்மா, அது எந்த ஓவியம்?
வ.

பிரெஞ்சு ஓவியர் மனே 1882-இல் வரைந்த, பாரிஸ் கேளிக்கை அரங்கான ஃபோலி-பெர்ஜேரின் பார். பணிப்பெண்ணுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி. அரங்கத்துக் கூட்டம் முழுவதும் அதில்தான் தெரிகிறது. பாடமும் அதைத்தான் சொல்கிறது: மேடைக்குப் பின்னால் கண்ணாடி வைத்தால் சிறிய அறையும் இறுக்கமாகத் தோன்றாது. அதனால் 'நெருக்கமான' என்பதை அடித்துவிட்டேன்.

பெரும்பான்மைக் கருத்துப்படி 'காக்டெய்ல் பார்', 'அடக்கமான' என்று அனுப்புகிறேன். மேடையின் உயரம் பற்றிய பத்தியில் மட்டும் 'அணுக்கம்' வருகிறது, விளக்கத்தோடு.
ம.

பாரை ஏற்கிறேன், காக்டெய்லை ஏற்கவில்லை. கலங்கல் என்பதுதான் தடை என்றால் தேறலை விடுங்கள், நறவு இருக்கிறது. நறுமணத்தோடு அதற்கு உள்ள உறவைப் பற்றி நாளை தனியே எழுதுகிறேன். அடுத்த பதிப்புக்காவது பயன்படட்டும்.
செ.