அலுவலக வாசலில் ஒரு பொதுவெளி: நாங்கள் பார்த்த சதுக்கங்கள்

பள்ளத்தூரிலிருந்து, பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர்:

1928இல் நகராட்சியான காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்ந்ததிலிருந்து, அலுவலகத்துக்கு முன்னால் பரந்த சதுக்கம் ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் என்னிடம் சொல்லி வருகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பரப்பை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது கண்ணால் கண்டேன். அங்கே ஸ்கொல்லே சதுக்கம் என்ற பழைய பகுதியை இடித்துவிட்டு, 1968இல் கட்டி முடித்த நகர மன்றக் கட்டடத்தைச் சுற்றி ஏக்கர் கணக்கில் செங்கல் பாவினார்கள். இடத்துக்குக் குறைவே இல்லை. நிழலுக்கும் இருக்கைக்கும்தான் பஞ்சம். குளிர்காலத்தில் வாடைக்காற்று வாட்டும், கோடையில் செங்கல் தகிக்கும். நான் முதலில் போனபோது அலுவலகத்துக்கு வந்தவர்கள் விரைந்து கடந்து போனார்களே தவிர, அங்கே நின்று பேசியவர் ஒருவரும் இல்லை.

2022இல் சீரமைப்பு முடிந்த பிறகு மறுபடியும் போய்ப் பார்த்தேன். சசாகி என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்த வேலை அது. மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் இடையே சுமார் 26 அடி இறக்கம் உள்ள தரை என்பதால், முன்பு படி இறங்க முடியாதவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது அந்த இறக்கத்தின் ஊடே நீண்ட சாய்தளப் பாதை அமைத்து, மரங்கள் நட்டு, இருக்கைகள் போட்டு, குழந்தைகள் விளையாடவும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வயதான ஓர் அம்மையார் தம் சக்கர நாற்காலியை யார் துணையும் இல்லாமல் தாமே உருட்டிக்கொண்டு மேல் தெருவிலிருந்து கட்டட வாசல் வரை வந்ததையும், மரத்தடி இருக்கையில் ஒருவர் முழங்கால் மேல் விண்ணப்பத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருந்ததையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் தெரிந்தவன் என்பதால் குனிந்து தளக்கற்களின் இடுக்கையும் தொட்டுப் பார்த்தேன். சில பகுதிகளில் அந்த இடுக்கில் சிமென்ட் பூசாமல் பொடிக்கல்லை நிரப்பி, மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழிவிட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் கான்கிரீட்டின் மேல் பேவர் பிளாக் பதிக்கிறோம். அடியில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஐப்பசி மழைக்கே தரை குளமாகிறது. மதிப்பீடு போடும்போதே தீர்க்க வேண்டிய குறை அது. பிறகு உடைத்துச் செய்தால் இரட்டைச் செலவு.

கொரியாவில் ஆய்வு மாணவராக இருந்த காரைக்குடிக்காரர்:

ஐயா எழுதியதோடு சியோல் நகரத்தைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். அங்கே நகர மன்றத்துக்கு முன்னால் இருந்தது ஒரு போக்குவரத்துச் சந்திப்பு. நடுவில் நீரூற்று, சுற்றிலும் வாகனங்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது சிவப்புச் சட்டை அணிந்த மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தச் சாலைகளை நிறைத்ததைப் பார்த்த பிறகு, அது மக்கள் நிற்க வேண்டிய இடம் என்ற எண்ணம் வலுப்பட்டது. 2004 மே மாதத்தில் அதே இடம் நீள்வட்டப் புல்வெளியாகத் திறக்கப்பட்டது. 1926இல் கட்டிய பழைய மன்றக் கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் 2012இல் பொது நூலகமாக்கி, அதன் பின்புறம் புதிய அலுவலகத்தைக் கட்டிக்கொண்டார்கள். நூலகத்திலிருந்து புத்தகத்தோடு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து படிப்பவர்களை நான் அங்கே வழக்கமாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சதுக்கம் விரிந்தது யாருடைய வீட்டையும் கையகப்படுத்தி அல்ல, வாகனங்களிடமிருந்து தரையைத் திரும்பப் பெற்று என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. புல்வெளியை மட்டும் தயவுசெய்து இங்கே கொண்டு வர வேண்டாம். சிவகங்கைச் சீமையில் புல்லுக்கு இறைக்கத் தண்ணீர் ஏது? வேம்பும் புங்கையும் வைத்தால் வேர் பிடிக்கும் வரை ஊற்றினால் போதும்.

தேவகோட்டையிலிருந்து, ஓர் ஆச்சி:

தம்பி வேம்பைச் சொன்னது மனத்துக்கு நிறைவாக இருந்தது. காரைக்குடியின் மகர்நோன்புப் பொட்டலையும் நாம் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். விஜயதசமியன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடும்போது அவ்வளவு சனமும் அங்கே கொள்ளும். நடுவில் எதையும் கட்டி வைக்காமல் விட்டதால்தான் கொள்கிறது. ஆகையால் புதிய சதுக்கத்தின் நடுவில் நீரூற்று, வளைவு, அலங்கார மேடை என்று எதையும் நிலையாகக் கட்டிவிடாதீர்கள். கட்ட வேண்டியவற்றை ஓரங்களில் கட்டுங்கள். முகப்பில் நீளத் திண்ணை கட்டி வழிப்போக்கரை உட்கார வைத்த ஊர்கள் நம்முடையவை. அதேபோல் அலுவலகச் சுற்றுச்சுவரையே முழங்கால் உயரத் திண்ணையாகக் கட்டினால் தனியே இரும்பு பெஞ்சுகள் வாங்கத் தேவையில்லை. வெயிலில் இரும்பில் உட்காரவும் முடியாது.

தண்ணீரைப் பற்றிப் பொறியாளர் ஐயா சொன்னதற்கு நம் ஊரணிகளே விடை. கூரையிலும் தெருவிலும் விழும் மழையைக் கால்வாய் வழியாக ஊரணிக்குக் கொண்டு சேர்த்த ஏற்பாடு நம் முன்னோர் செய்தது. சதுக்கத்தின் வாட்டத்தையும் அப்படி அருகிலுள்ள ஊரணியை நோக்கி வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு அடையாளம் வேண்டும் என்று ஆத்தங்குடிக் கல்லைத் திறந்தவெளியில் பதிக்கச் சிலர் ஆசைப்படக்கூடும். கண்ணாடியின் மேல் சாயம் வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊற வைத்து இறுக்கும் கல் அது. கூரைக்கு அடியில் நாள்பட நாள்பட மெருகேறும். மழையிலும் வெயிலிலும் கிடந்தால் நிறம் மங்கும், ஈரத்தில் காலும் வழுக்கும். அதைத் தாழ்வாரத்தில் போடுங்கள்.

அலுவலக வாசல் ஒன்றில் மனு எழுதித் தரும் தொழில் செய்பவர்:

நான் உட்காரும் வாசல் எந்த ஊரினது என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே இடத்தை விரிவாக்கினார்கள் என்பது உண்மை. விரிந்த இடம் முழுவதும் வண்டி நிறுத்தமாயிற்று. அதற்காக நின்றிருந்த வேப்பமரத்தையும் வெட்டினார்கள். முதியோர் உதவித்தொகைக்கும், சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும், பிறப்புச் சான்றிதழுக்கும் வருபவர்கள் இப்போது சாலையோரத்தில் வெயிலில் நின்றுதான் என்னிடம் எழுதிக்கொள்கிறார்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்கள், உணவு இடைவேளை முடியும் வரை எதிர்க்கடையின் படுதா நிழலில் ஒண்டி நிற்கிறார்கள். கடைக்காரர் நல்லவர் என்பதால் ஒன்றும் சொல்வதில்லை.

ஆச்சி சொன்ன திண்ணை ஒன்று அங்கே இருந்திருந்தால் எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். குடிநீரும், பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறையும், எழுதுவதற்கு ஒரு பலகையும் வேண்டும். தேநீர் விற்பவருக்கும் எனக்கும் ஓரத்தில் ஓர் இடம் வரைபடத்திலேயே குறித்துவிட்டால், பிறகு ஆக்கிரமிப்பு என்று சொல்லி எங்களை எழுப்ப வேண்டியிராது. நம் பக்கத்தில் எந்த ஊர் அலுவலக வாசலுக்கு வரைபடம் போடுவதாக இருந்தாலும், போடுபவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு வேலை நாளில் பன்னிரண்டு மணிக்கு மேல் அங்கே வரட்டும். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த நிழல் எது வரை வருகிறது என்பதை நான் கூடவே நடந்து காட்டுகிறேன்.