சேலத்தில் சாஃப்ட்பால் ஆடியவர்களே, உங்கள் பி.டி. சாரை, மிஸ்ஸை மறுபடி பார்த்தீர்களா?

பழைய கேட்சர்:

போன வியாழக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் எங்கள் பி.டி. சாரைப் பார்த்தேன். அன்றிலிருந்து மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. எந்தப் பள்ளி, எந்த சார் என்று கேட்க வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கே ஆடிய பெண்களுக்குத் தானாகத் தெரியும்.

அஸ்தம்பட்டியில் ஏறினார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். "வேண்டாம்மா, கோரிமேட்ல இறங்கிருவேன்" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதே. அப்புறம் நான் மேல்கம்பியைப் பிடித்தேன். அவர் பார்வை என் வலது மோதிர விரலில் வந்து நின்றது. அதன் நுனி மடங்கியே இருக்கும், நிமிராது. விரலைப் பார்த்துக்கொண்டே "கேட்சர்" என்றார். பெயர் வரவில்லை, அது வந்தது.

அந்த விரல் போனது ஒரு மாவட்டப் போட்டியில், ஐந்தாவது இன்னிங்ஸில். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர், க்ளவ் போடாத வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று சார் தினமும் சொல்வார். அடித்தவர்கள் ஓடிச் சேர வேண்டிய இடம்தான் பேஸ். முதல் பேஸில் நின்றவள், பந்து வீசுகிறவள் கையை விட்டதுமே இரண்டாவதுக்கு ஓடிவிடுவாள் என்ற பயத்தில் நான் கையை க்ளவுக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்திருந்தேன். மட்டையில் உரசி வந்த பந்து நேராக விரல் நுனியில் பட்டது. சார் ஓடி வந்தார். "மடக்கிக் காட்டு" என்றார். மடக்கினேன். கேட்டுக்கு வெளியே போய் ஒரு குச்சி ஐஸ் குச்சியை வாங்கி வந்து, வைத்துக் கட்டினார். மிச்ச இன்னிங்ஸையும் ஆடினேன். தோற்றோம்.

பஸ்ஸில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அன்னைக்கு உன்ன உக்கார வெச்சிருக்கணும் கண்ணு." நான் வாயைத் திறப்பதற்குள் கோரிமேடு வந்துவிட்டது. மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பைக்குள் உருண்டையாக ஒன்று இருந்தது. 12 அங்குலச் சுற்றளவுப் பந்து துணிக்குள் இருந்தாலும் எனக்குத் தெரியும்.

இருபது வருடமாக அவர் அதைச் சுமந்திருக்கிறார். எனக்கோ அந்த விரலைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பதினேழாவது வளைவு:

நான் ஆடவில்லை, என் தங்கச்சி ஆடினாள். நாங்கள் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர்கள். மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம். பந்து ஃபீல்டரைத் தாண்டினால் காப்பிச் செடிக்குள் உருண்டு போய்விடும், தேடி எடுத்து வருவதற்குள் பனி இறங்கிவிடும். இருந்த ஒரே பந்தை அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

வெளியூரில் இரண்டு ராத்திரி தங்கிப் போட்டி. அப்பா முடியாது என்றுவிட்டார். அன்று சாயங்காலம் மிஸ் வீட்டுக்கே வந்தார். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு என் பக்கத்துல படுக்கும், என் கூடத்தான் சாப்பிடும், ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வந்து விடறேங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா காப்பி வைத்தார். மிஸ் அதைக் குடித்து முடித்து டம்ளரை அவரே கழுவி வைத்தார்.

அப்போது நான் சொன்னேன், "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மிஸ் இதெல்லாம்?" எனக்கு வயது பதினேழு. மிஸ் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீயும் கூட வா, பஸ் காசு நான் தர்றேன்" என்றார். நான் போகவில்லை. தங்கச்சி போனாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு டார்ச் வெளிச்சம் எஸ்டேட் பாதையில் ஏறி வந்தது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, அந்த இருட்டில் மிஸ் தனியாகத் திரும்பிப் போனார். நான் துணைக்குப் போயிருக்க வேண்டும். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நேர்ப்பேச்சு:

எல்லோரும் உருகுகிறீர்கள், மன்னிக்கவும், எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் பிசியோதெரபிஸ்ட். பழைய கேட்சர் அக்கா, உங்கள் சார் "மடக்கிக் காட்டு" என்று கேட்டார் அல்லவா? தப்பு அங்கேதான். பந்து நுனியில் குத்தினால் அறுவது விரலை நீட்டுகிற தசைநார். மடக்க வரும், நீட்டத்தான் வராது. "நீட்டிக் காட்டு" என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

இப்போது ஆடும் பிள்ளைகளின் அம்மா அப்பா யாராவது படித்தால் கவனியுங்கள். நுனி தொங்கினால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், எலும்புத் துணுக்கும் சேர்ந்து பெயர்ந்திருக்கலாம். நுனி மூட்டை நேராக வைத்து 6 முதல் 8 வாரம் கட்டு போட வேண்டும். குளிக்கக் கழற்றினேன், பரீட்சை எழுதக் கழற்றினேன் என்று நடுவில் ஒரு தடவை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து. சுத்தம் செய்யும்போது விரலை மேசைமேல் வைத்து, நேராகப் பிடித்தபடிதான் மாற்ற வேண்டும். யாராவது சுளுக்கு என்று சொடுக்கு எடுக்க வந்தால் கையைக் கொடுக்காதீர்கள். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். கேட்சருக்கு மாஸ்க், மார்புக் கவசம், கால் காப்பு மூன்றும் இல்லாத பள்ளியில் பிள்ளையை அந்த இடத்தில் உட்கார விடாதீர்கள்.

என் கதை சின்னது. எங்கள் சார் தோள் வலியோடு என்னைப் பிட்ச் பண்ண, அதாவது பந்து வீச வைத்தார். கப் வாங்கினோம். இன்றும் என்னால் வலது கையால் பரணில் இருந்து ஒரு டப்பாவை எடுக்க முடியாது. அவரை அப்புறம் நான் பார்க்கவில்லை, பார்க்க விருப்பமும் இல்லை.

விசில்:

நேர்ப்பேச்சு சொல்வது சரி. நான் பி.டி. டீச்சர், 19 வருட சர்வீஸ். எங்கள் படிப்பில் முதலுதவி உண்டு, ஆனால் மைதானத்தில் ஒரு பிள்ளை அழாமல் நிற்கும்போது நாமே ஏமாந்துவிடுகிறோம். இனி நீட்டச் சொல்லியும் பார்ப்பேன்.

ஆனால் ஒன்று. ஒரு சாஃப்ட்பால் டீமை உண்டாக்குவது எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வருகிற பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் பார்த்தவர்கள். அடித்ததும் மட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். "போட்டுட்டு ஓடு" என்று சொல்லியே ஒரு டெர்ம் போகும். முதல் பேஸைத் தாண்டி ஓடலாம், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாண்டினால் அவுட் ஆக்கிவிடுவார்கள் என்பதற்கு இன்னொரு டெர்ம். அதற்குள் கணக்கு டீச்சர் வந்து பி.டி. பீரியடை வாங்கிப் போய்விடுவார். டிவியில் காட்டி ஆசை மூட்டலாம் என்றால், பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இந்த ஆட்டமே இல்லை, 2028இல்தான் திரும்ப வருகிறது. நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது, பள்ளியில் அவரைக் கண்டெடுத்த உடற்கல்வி ஆசிரியரைப் பற்றியும் ஊரே பேசியது. சந்தோஷமாக இருந்தது. பதக்கம் வராத பிள்ளைகளோடு முப்பது வருடம் வெயிலில் நின்றவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு. ஒன்பதாவது படித்த ஒரு பிள்ளை, விண்ட்மில் முறையில் பந்து போடுவதில் அப்படி ஒரு வேகம். கை ஒரு முழு வட்டம் சுற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடும்போது எனக்கே கண் பின்தொடராது. கோடை லீவு முடிந்து வரவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பார்த்தேன். மெருகு போடும் வேலை, கை முழுக்கக் கறுப்பு. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. "டீச்சர், சாயங்காலம் ஆட வரலாமா? ஸ்கூல்ல பேர் இல்லாட்டியும்?" என்று கேட்டது. வா என்றேன். நாலு நாள் வந்தது. அப்புறம் வரவில்லை. நானும் அந்தத் தெருப்பக்கம் மறுபடி போகவில்லை. வீட்டுக்குப் போய் அந்த மிஸ் மாதிரி தரையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

பழைய கேட்சர்:

விசில் டீச்சர், இன்னும் நேரம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நேர்ப்பேச்சு தம்பி, உங்கள் தோளுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் என் சாரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலில் ஒன்றை எழுதாமல் விட்டேன். மடக்கிக் காட்டியபோது நுனி திரும்ப எழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சார் பார்ப்பதற்குள் இன்னொரு கையால் மூடிக்கொண்டேன். "வலிக்குதா?" என்றார். "இல்லைங்க சார்" என்றேன். எங்களிடம் வேறு கேட்சர் இல்லை, என்னை உட்கார வைத்தால் ஆட்டம் போய்விடும் என்று நினைத்தேன்.

இன்று அதே பஸ்ஸில் போனேன். அஸ்தம்பட்டியில் அவர் ஏறவில்லை. நாளை கோரிமேட்டில் இறங்கி, காலையில் பிள்ளைகளுக்கு யாராவது பந்து போடுகிறார்களா என்று விசாரிக்கப் போகிறேன்.