ஹுட்டியாலா வன நிலையம்: ஜூன் பயணத்துக்கு உதவி தேவை

பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 1910 முதல் நடத்தும் ஹுட்டியாலா வன நிலையத்துக்கு ஜூன் நடுவில் 12 மாணவர்களை அழைத்துப் போகிறோம். அங்கே தங்கியவர்கள் யாராவது குழுவில் இருந்தால் வழிகாட்டுங்கள்.

முதல் கவலை சாப்பாடு. 12 பேரில் 5 பேர் சைவம். நிலையத்து உணவகத்தில் முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருவார்களா? நாமே சமைக்க அடுப்பு கிடைக்குமா? வெளியே தீ மூட்டுவதை நம்ப முடியாது. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் திறந்த நெருப்புக்குத் தடை.

சீக்கனேவா சதுப்பு நிலத்துக்கும் போகிறோம். பலகைப் பாதையை விட்டுக் கால் விலகினால் பாசி மெத்தை அமுங்கி, தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். மிதிபட்ட பாசி தேற ஆண்டுக்கணக்காகும் என்பதுதான் பெரிய வருத்தம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் அங்கே இரவல் கிடைக்குமா, வாங்கியே கொண்டுபோக வேண்டுமா?

காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவிகளுக்கு எவ்வளவு அருகில் போக விடுவார்கள்? மூச்சுக்காற்றில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றில் 0.04தான். பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே பதிவு கெட்டுவிடும்.

இரவிலும் வெளிச்சம் இருக்குமே, அறைகளில் கனத்த திரை உண்டா? கொசுவலைத் தொப்பி ஆளுக்கொன்று எடுத்துவிட்டோம்.